ஜெர்மனிப் போத்தலும் சுண்ணாம்பு முட்டியும்

“…சுண்ணாம்பெல்லே மணக்குது,” என்றார் அப்பா. முதல் மிடறை விழுங்கிய கையோடு வந்த வார்த்தை அது. வசனத்தின் முன்பாதியை அவர் பிளாவுக்குள்ளேயே சொல்லிவிட்டதால் எங்கள் காதில் இந்தப் பின்பாதி மட்டும்தான் விழுந்தது.

பிளா என்பது பனையோலையை மடித்துக் கட்டிய குவளை. கள்ளுக் குடிப்பதற்கென்றே உள்ளது. ஆனால் அன்று அதற்குள் இருந்தது கள்ளு அல்ல. ஜெர்மனியில் அடைத்து, விமானத்தில் கொழும்புக்கு வந்து, வவுனியாவில் கை மாறி, கடைசியில் வட்டக்கச்சியில் எங்கள் முற்றத்து வேம்பின் கீழ் திறக்கப்பட்ட பியர்.

சுற்றிவர நின்றவர்கள் நாலு பேர். போத்தலைத் தேடி எடுப்பித்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பக்கத்துக் காணிக்காரர், குசினி வாசலில் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் நான். இந்த நாலு பேரில், அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேருக்குத் தெரியும். அந்த இரண்டு பேரும் குசினி வாசலில் நின்றோம்.

அப்பா இப்போது ‘இதுதான் அது’ என்று சொன்னால், மாமாவும் ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு, இந்தச் சுண்ணாம்புத் தண்ணிக்கா முப்பது வருடமாக இவ்வளவு கதை என்பார். ‘இது அதில்லை’ என்றால், ஜெர்மனியில் இருந்தே வந்ததை இல்லை என்கிறார், அப்படியானால் இவர் அங்கே ஒன்றையும் குடித்திருக்க மாட்டார் என்பார். எந்தப் பக்கம் போனாலும் அப்பாவின் ஹம்பேர்க் கதை அன்றோடு சரி.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மிச்சம் விளங்காது. எங்கள் பக்கத்தில் அது தெரியாத ஆட்களும் இல்லை.

அப்பா இருபத்திரண்டு வயதில் ஒரு சரக்குக் கப்பலில் சமையலுக்கு உதவியாளாகப் போனவர். “வெங்காயம் உரிச்சு உரிச்சே பாதி உலகத்தைச் சுத்தினனான், கண்ணீருக்குள்ளாலை ஒரு நாட்டையும் வடிவாப் பாக்கேல்லை” என்பார். கண்ணீர் இல்லாமல் பார்த்த ஒரே ஊர் ஹம்பேர்க். அங்கே கப்பல் பழுதாகிப் பதினொரு நாள் துறைமுகத்தில் நின்றுவிட்டது. சமைக்க வேலை இல்லை. பனி கொட்டிய ஒரு பின்னேரம், காது விறைத்துப்போய், குளிருக்கு ஒதுங்கலாம் என்று ஒரு கதவைத் தள்ளியிருக்கிறார். அது பியர் விற்கும் கடை.

இதற்குப் பிறகு அப்பா கதை சொல்வது கோயில் பூசை மாதிரி. ஒன்றுக்குப் பின் ஒன்றாகத்தான் வரும். இடையில் யாரும் குறுக்கே கேள்வி கேட்டால் மறுபடியும் கதவைத் தள்ளுவதில் இருந்து தொடங்குவார். முதலில் போத்தலின் மூடி. பீங்கான் மூடி, கம்பி வைத்துப் பூட்டியது. அதைப் பெருவிரலால் தட்டியதும் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை அப்பா பல்லிடுக்கால் செய்து காட்டுவார். முன்னால் இருப்பவர்கள் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு நுரை, இரண்டு விரற்கடை உயரம். கிளாஸ் வேர்க்கும். அவர் கொஞ்சம் நிறுத்துவார். பிறகுதான் முதல் மிடறு. “நாக்கிலை ஆயிரம் சிற்றெறும்பு ஓடிப் போகும், ஒண்டுகூடக் கடியாது.”

இதை அவர் சொல்லாத இடமில்லை. கலியாண வீட்டில் சொல்லியிருக்கிறார், செத்த வீட்டிலும் சொல்லியிருக்கிறார். ஒருமுறை வயல் செய்கிற கமக்காரர் கூட்டத்தில் வாய்க்கால் துப்புரவு பற்றிப் பேச எழும்பியவர், தண்ணீர் என்ற சொல்லில் வழுக்கி நேரே ஹம்பேர்க்கில் போய் விழுந்தார். அன்று வாய்க்காலைப் பற்றி ஒரு முடிவும் எடுக்கவில்லை. அம்மாவுக்குக் கதை மனப்பாடம். “பனி எண்டு சொல்லாமல் கதவுக்குப் போயிட்டியள்” என்று குசினிக்குள் சமைத்தபடியே திருத்துவா. வெளியே யாரும் கேட்டால், “இவருக்குக் கலியாணம் கட்டின நாள் மறந்து போகும், அந்த நுரை எத்தினை விரற்கடை எண்டு மறக்காது” என்பா.

கதைக்கு ஒரு வாலும் உண்டு. கப்பல் வேலையை விட்டு வந்து இரண்டு வருடம் கழித்து, கொழும்பில் ஒரு கடையில் அதே பெயர், அதே படம் ஒட்டிய போத்தலை அப்பா கண்டிருக்கிறார். நெஞ்சு அடித்ததாம். வாங்கி, ஒரு மூலையில் தனியே இருந்து, பனி இல்லாத குறைக்கு மின்விசிறியின் கீழ் இருந்து குடித்திருக்கிறார். அது அது இல்லை. பெயர் சரி, படம் சரி, ஆனால் உள்ளே வேறு யாரோ இருந்தார்கள் என்பார். ஏன் இப்படி என்று நாட்கணக்காக யோசித்து, அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். கப்பலில் வரும்போது பியருக்கும் கடல் ஒத்துக்கொள்வதில்லை; மனிதருக்குத் தலை சுற்றி வயிறு பிரட்டுவது போல அதற்கும் பிரட்டுகிறது; பிரட்டின சாமானுக்குப் பழைய ருசி திரும்பாது.

“அப்ப அத்தான், நீங்களும் கப்பலிலைதானே திரும்பி வந்தனீங்கள். அங்கை போக முந்தி நீங்கள் என்ன ருசியா இருந்தனீங்களோ?” என்று மாமா ஒருமுறை கேட்டார். அப்பாவுக்கு முந்திக்கொண்டு அம்மா சொன்னா: “முந்தி நல்லாத்தான் இருந்திருப்பார், எனக்குக் கிடைச்சது பிரட்டினது.”

மாமா முல்லைத்தீவில் கருவாட்டு வியாபாரம் செய்தவர். எதையும் மணந்து பார்க்காமல் நம்பாத தொழில். அப்பாவின் கதையை மட்டும் மணந்து பார்க்க அவருக்கு வழி கிடைக்காமல் இருந்தது. சண்டையால் பூட்டிக் கிடந்த வவுனியாப் பாதை கொஞ்சம் திறந்திருந்த சில மாதங்களில், அவருடைய சிநேகிதர் ஒருவரின் மகன் ஜெர்மனியில் இருந்து கொழும்புக்கு வந்தான். மாமா தனக்கென்று அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஊரே சவர்க்காரத்துக்கும் டோர்ச் பற்றரிக்கும் ஏங்கிக் கிடந்த காலம். மாமா கேட்டது கம்பி மூடி போட்ட ஒரு போத்தல் பியர்.

அதை எடுக்க வவுனியா வரைக்கும் அவரே போனார். போத்தலின் படத்தின் மேல் ஒரு வெள்ளைக் கடதாசியை ஒட்டி, ‘வாத அரிட்டம், உணவுக்குப் பின்’ என்று எழுதிக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடந்தார். அவருடைய அரிசி மாவைக் கொட்டிக் கிளறினார்களாம், தலையணையைப் பிரித்தார்களாம், அரிட்டத்தைப் பார்த்து மட்டும் ஒரு சிப்பாய், தன் தாய்க்கும் வாதம் என்று சைகையில் சொன்னாராம். கொடுக்கச் சொல்லிவிடுவாரோ என்று உயிர் போய்த் திரும்பி வந்தது என்றார் மாமா.

முல்லைத்தீவுக்குக் கொண்டுபோன போத்தலை அவர் உடனே எங்களிடம் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. பெருமை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை போட்ட முன்னறையில், வெயில் நேரே விழுகிற யன்னல் ஓரமாக, வானொலிப் பெட்டியின் மேல் பன்னிரண்டு நாள் அதை வைத்திருந்தார். கருவாடு வாங்க வந்தவர்கள் எல்லாரும் அதைத் தூக்கிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தார்கள். பிறகுதான், இந்தப் பக்கம் வந்த ஒரு மோட்டார் சைக்கிள்காரரிடம் அதைக் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு துண்டுக் கடிதம். ‘அத்தான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறேன். அதுவரை திறக்கக் கூடாது. இது விமானத்தில் வந்தது. கடல் பிரட்டினது என்ற கதை இனி வேண்டாம். ஆளுக்கொரு மிடறு குடிப்போம், நாலு பேர் தீர்ப்புச் சொல்லட்டும்.’

அப்பா அந்தத் துண்டை இரண்டு தரம் வாசித்தார். கடல் பிரட்டினது என்ற வாசல் அடைபட்டுவிட்டது என்று அவருக்கு விளங்கியது. ஆனாலும் முகத்தில் ஒரு சந்தோசம். போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு மூடியைப் பெருவிரலால் தடவினார், தட்டவில்லை. “இதே மூடிதான், பிள்ளை” என்று என்னிடம் சொன்னார். அரிட்டக் கடதாசியை ஈரத் துணியால் மெல்லமாக ஊறவைத்து உரித்தார். பிறகு அதைக் குசினி அலுமாரிக்குள் வைக்கச் சொல்லிவிட்டு வயலுக்குப் போனார். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வருகிற முறை அந்த வெள்ளியும் சனியும். விட்டால் பக்கத்து வயலுக்குப் போய்விடும். இரண்டு நாளும் அவர் வரம்பிலேயே காவல் கிடக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை. அம்மா வீடு மெழுகிக் கழுவுகிற நாள். அலுமாரியும் துடைத்தா. துடைக்கிற துணியின் நூல் அந்தக் கம்பியில் சிக்கியது. அம்மா இழுத்தா. மூடி தட்டுப்பட்டுத் திறந்தது. அதுதான் அந்த ‘உஸ்ஸ்.’ அப்பா முப்பது வருடமாகப் பல்லிடுக்கால் செய்துகாட்டிய சத்தம், அவர் வீட்டில் இல்லாத நேரம், எங்கள் குசினிக்குள் கேட்டது. உண்மையான சத்தம் அப்பாவுடையதை விடச் சின்னதுதான். ஆனால் அதற்குப் பின்னால் வந்த நுரை சின்னதல்ல. பன்னிரண்டு நாள் வெயிலும், பின்னால் வந்த மோட்டார் சைக்கிளும், குழி விழுந்த வீதியும் எல்லாம் சேர்ந்து ஒரேயடியாக மேலே வந்தது போல அது பொங்கி, போத்தலின் கழுத்தால் வழிந்து, அலுமாரித் தட்டை நனைத்தது.

நான் ஓடிப்போய்க் கையால் பொத்தினேன். விரலிடுக்கால் வந்தது. விரலை நக்கிப் பார்த்தேன்.

“அம்மா, வேப்பிலை மாதிரிக் கைக்குது.”

அம்மாவின் முகம் மாறியது. இங்கே நீங்கள் எங்களைக் குறை சொல்லக் கூடாது. எங்களுக்குத் தெரிந்தது பனை. பனையில் முட்டி என்கிற மண்கலயம் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது இனிப்பான கருப்பநீர், தடவாவிட்டால் கள்ளு. கருப்பநீர் எடுத்து வைத்த முட்டியில் நுரை தள்ளினால், சுண்ணாம்பு போதாது, புளிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இனிப்புப் போய்ப் புளித்து, அதற்கும் மேலே போய்க் கைக்கத் தொடங்கினால் மாட்டுக்குக்கூட வைக்க மாட்டார்கள். இது எங்கள் பக்கத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அப்பாவின் கதையில் நுரை வரும், எறும்பு வரும், கைப்பு வந்ததேயில்லை. அவர் அதைச் சொல்ல மறந்துவிட்டார்.

“புளிச்சுப் பொங்குது பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இது நிக்காது,” என்றா அம்மா. “அந்த மனுசன் ஆசையா வைச்சுப்போட்டுப் போயிட்டார். ஓடு, கருப்பநீர் முட்டியை எடு.”

முட்டியை எடுத்தேன். அம்மா வெற்றிலைத் தட்டத்தில் இருந்து சுண்ணாம்பு எடுத்து, நாலு விரலாலும் உள்ளே வளையம் வளையமாகத் தடவினா. சாதாரணமாகத் தடவுவதை விட இரண்டு மடங்கு. “வெளிநாட்டுச் சாமான், கொஞ்சம் கூடத்தான் வேணும்” என்றா. போத்தலை அதற்குள் கவிழ்த்தோம். இன்னும் ஒருமுறை பொங்கியது. அம்மா முட்டியின் வாயைத் துணியால் கட்டி, ஒரு நோயாளியைப் பார்ப்பது போலப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தா. நுரை மெல்ல மெல்ல இறங்கியது. பொழுது சாய்வதற்குள் ஒரு குமிழி இல்லை. அப்படியே அமைதியாகக் கிடந்தது.

“தப்பிச்சுது,” என்றா அம்மா.

சனிக்கிழமை காலையில் அதை மெல்லிய துணியால் வடித்து, பழையபடி போத்தலில் ஊற்றி, மூடியைப் பூட்டினோம். வழிந்து போனதால் கழுத்து வரைக்கும் வரவில்லை. அதற்கு ஒன்றும் செய்யவில்லை, தண்ணீர் கலப்பது பாவம் என்றா அம்மா. நிறம் மட்டும் கொஞ்சம் மண்டியாக இருந்தது. பிறகு போத்தலைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கினோம். மின்சாரத்தைக் கண்டு வருடக் கணக்கு. குளிர்ச்சிக்கு எங்களிடம் இருந்தது கிணறுதான். பொழுதுபடச் சேறும் சகதியுமாகத் திரும்பி வந்த அப்பா, கிணற்றுக் கட்டில் கயிற்றைக் கண்டதும், “கெட்டிக்காரர், நீங்களே யோசிச்சுக் கிணத்துக்குள்ளை விட்டிட்டியள்” என்று எங்களைப் புகழ்ந்தார். நான் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கண்ணைக் காட்டினா. செய்த நன்மையைச் சொல்லிக் காட்டக் கூடாதாம்.

நாங்கள் அதை நன்மை என்றே நம்பினோம். அதுதான் இதில் பெரிய பகிடி.

ஞாயிற்றுக்கிழமை மாமா பதினொரு மணிக்கே வந்துவிட்டார், சைக்கிளில், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. பக்கத்துக் காணிக்காரரையும் அவரே கூப்பிட்டார், நடுநிலையான ஆள் வேண்டும் என்று. போத்தலைப் பன்னிரண்டு நாள் யன்னலில் வைத்து ஊருக்குக் காட்டிய பெருமையையும் அவரிடம் சொன்னார். அந்த மனிதர் மலைநாட்டில் இருந்து எழுபத்தேழில் வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். அதற்கு முதல் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலையை ருசி பார்க்கிற துரைக்குப் பக்கத்தில் எச்சில் படிக்கம் பிடித்துக்கொண்டு நின்ற உத்தியோகம். ருசி விஷயத்தில் அவர் பேச்சை எங்கள் பக்கத்தில் யாரும் தட்டுவதில்லை.

கிளாஸ் இல்லை. வீட்டில் இருந்த கிளாசுகள் எல்லாம் திரி போட்ட விளக்குகளாக மாறி மண்ணெண்ணெய் மணத்துக்கொண்டிருந்தன. அதனால் காணிக்காரர்தான் புதிதாக நாலு பிளாக் கட்டிக்கொண்டு வந்தார். “கிளாஸ் வேர்க்கிறது எண்டுதானே கதை, ஓலை வேர்க்காதே” என்று அப்பா கொஞ்சம் கவலைப்பட்டார். பிறகு சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கதிரையில் நிமிர்ந்து இருந்து, போத்தலை மடியில் வைத்தார். பூசை தொடங்குகிறது என்று எங்களுக்கு விளங்கியது. கதவு, பனி, காது விறைத்தது, எல்லாம் முறைப்படி சொன்னார். மாமாகூடக் குறுக்கே பேசவில்லை. கடைசியில் “இப்ப கேளுங்கோ” என்று சொல்லிப் பெருவிரலால் மூடியைத் தட்டினார்.

போத்தல் திறந்தது. திறந்தது என்று கண்ணுக்குத்தான் தெரிந்தது; காதுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அப்பா மூடியைப் பார்த்தார். திரும்பவும் பூட்டி, திரும்பவும் தட்டினார். வேம்பில் ஒரு காகம் கத்தியது, அவ்வளவுதான். மாமா தன் காதைச் சின்ன விரலால் குடைந்து, “எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம், மற்றப் பக்கமா ஒருக்காத் தட்டுங்கோ அத்தான்” என்றார்.

குசினி வாசலில் அம்மா என் கையைப் பிடித்தா. அந்த நேரம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது. அப்பா முப்பது வருடமாகச் சொன்ன சத்தமும் நுரையும் எறும்பும் ஒன்றுதான், அந்தக் குமிழிதான். அந்த ஒன்றைத்தான் நாங்கள் நாலு விரலால் தடவிக் கொன்றிருக்கிறோம்.

அப்பா பிளாவில் ஊற்றினார். நுரை வரவில்லை. அரிசி கழுவின தண்ணீரில் கொஞ்சம் தேயிலைச் சாயம் விட்டது போல ஒன்று வந்தது. மாமா எட்டிப் பார்த்து, “இரண்டு விரற்கடையோ, இல்லாட்டி விரலை மடக்கி அளக்கிறதோ?” என்று கேட்டார்.

பக்கத்துக் காணிக்காரர்தான் அப்பாவுக்காகப் பரிந்து பேசினார். அவர் வருத்தத்தோடு பிளாவைப் பார்த்தபடி, வெயில் பட்ட சாமானைக் குறை சொல்லக் கூடாது என்றார். தங்கள் தொழிற்சாலையில் தேயிலையைப் பெட்டிக்குள் ஈயத்தாள் விரித்து, வெளிச்சமும் காற்றும் போகாமல் அடைத்துத்தான் கப்பலுக்கு அனுப்புவார்கள். அப்படி அடைத்துமே போய்ச் சேருகிற ஊரில் அதன் குணம் கொஞ்சம் மாறித்தான் இருக்கும். அந்த ஊர்த் தண்ணீர் வேறு, காலநிலை வேறு, குடிக்கிறவன் நாக்கே வேறு என்றார்.

“ஒரு பொட்டிய தொறந்து ஒரு நாள் வெளியில வச்சீங்கன்னா, மறுநாள் அது தேயில இல்ல அண்ணே, வெறும் காஞ்ச எல. இத பன்னண்டு நாளு தகரத்துக்குக் கீழ யன்னல்ல வச்சிருந்தா அது என்னா செய்யும் பாவம்.”

மாமாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. யன்னலில் வைத்தது அவர்தானே. பிற்காலத்தில் நான் இதைப் பற்றி அங்கும் இங்கும் வாசித்தபோது, அந்த மனிதர் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. வெளிச்சம் பட்டால் பியர் ஒரு மாதிரி நாறத் தொடங்குமாம். சூடு பட்டால் நனைந்த கடதாசி மாதிரிச் சப்பென்று போகுமாம். நாள் போகப் போக மணம் இறங்குமாம். பிறந்த ஊரில் புதிதாகக் குடிப்பதற்கும் கடல் தாண்டிக் குடிப்பதற்கும் வித்தியாசம் வருவது இதனால்தானாம். அப்பாவின் கடல் பிரட்டலும் முழுப் பொய் இல்லை, வழியில் பட்ட அடிதான் எல்லாம். நான் தேடிப் பார்த்த மட்டில், வெற்றிலைச் சுண்ணாம்பைப் பற்றி மட்டும் ஒருவரும் எழுதியிருக்கவில்லை.

மாமா சுதாரித்துக்கொண்டார். யன்னலோ தகரமோ, ஒரு மிடறு குடித்தால் தெரிந்துவிடும் என்றார். அப்பாவின் கை பிளாவைத் தூக்கியும் தூக்காமலும் நின்றது. காணிக்காரர் குனிந்து, நல்ல சரக்கை ருசி பார்க்கிறவர்கள் விழுங்குவதில்லை, தன்னுடைய துரை எல்லாவற்றையும் துப்பிவிடுவார், படிக்கத்துக்கு ஒரு வாளி கொண்டுவரட்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.

“துப்பினால் தோல்வியை ஒத்துக்கொண்ட மாதிரி,” என்றார் மாமா.

அப்படித்தான் அப்பா அந்த முதல் மிடறைக் குடித்தார். அப்படித்தான் அந்தப் பாதி வசனம் வந்தது.

“என்ன மணக்குது எண்டு சொன்னனீங்கள்?” என்றார் மாமா. அவருடைய மந்தக் காதில் கடைசிச் சொல் மட்டும்தான் விழுந்திருந்தது.

அப்பா நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டி எடுத்தார், ஒருமுறை, இரண்டு முறை. அவருடைய கண் முதலில் பிளாவில் இருந்தது. பிறகு போத்தலின் கழுத்தில், குறைந்து நின்ற மட்டத்தில் இருந்தது. பிறகு மெல்லத் திரும்பிக் குசினி வாசலுக்கு வந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு சேலைத் தலைப்பை விரலில் சுற்றினா, கழற்றினா, சுற்றினா. கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருடத்தில் அம்மா அப்படி நின்றதை அப்பா எத்தனை தரம் கண்டிருப்பாரோ தெரியாது; நான் அன்றுதான் முதல்முதல் கண்டேன்.

“இதுதானோ, இல்லையோ? ஒரு சொல்லுச் சொல்லுங்கோ,” என்றார் மாமா. கையையும் நீட்டினார். “சரி, நீங்கள் சொல்ல வேண்டாம். பிளாவை இஞ்சாலை தாங்கோ, நான் சொல்லுறன். கருவாடு மணந்த மூக்கு, பிழைக்காது.”

பிழைக்காது என்று எனக்கும் தெரியும். அவர் ஒரு சொட்டு வாயில் வைத்தால் போதும், சுண்ணாம்பு வெளியே வரும். முப்பது வருடமும் சேர்ந்து வெளியே வரும். அடுத்த கலியாண வீட்டில் அப்பா கதவைத் தள்ளுவதற்கு முன்னமே ஆட்கள் வெற்றிலைத் தட்டத்தை நீட்டுவார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் படியால் இறங்கினேன். சொன்னால் அப்பாவின் கதை தப்பும். ஆனால் அம்மாவின் பெயர் முல்லைத்தீவு வரைக்கும் போகும், பியருக்குச் சுண்ணாம்பு தடவினவா என்று.

“அப்பா, அது வெள்ளிக்கிழமை நாங்கள்…” என்று தொடங்கினேன்.

அப்பா இடது கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். கதிரையை விட்டு எழும்பினார். மாமாவின் நீட்டிய கைக்கு மேலாகப் பிளாவைத் தூக்கி, அதில் இருந்ததை ஒரே மூச்சில் குடித்தார். பிளாவை எறிந்துவிட்டுப் போத்தலை எடுத்து அப்படியே வாயில் வைத்தார். தொண்டை முடிச்சு ஏறி இறங்கியது. மாமா, “அத்தான், எனக்கு, ஆளுக்கொரு மிடறெண்டெல்லே” என்று சுற்றிச் சுற்றி வர, அப்பாவும் கூடவே சுற்றித் திரும்பித் திரும்பிக் குடித்தார். நடுவில் ஒருமுறை நிறுத்தி மூச்செடுத்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. துடைக்கவில்லை, மறுபடியும் வாயில் வைத்தார். கடைசியில் போத்தலைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் இருந்து மெல்ல இறங்கி வந்த வெள்ளை மண்டியைக் கூட உள்ளங்கையில் ஏந்தி, அதையும் நக்கினார். பிறகு சால்வையால் வாயைத் துடைத்து, மூடியை வைத்துக் கம்பியை அழுத்திப் பூட்டி, வெறும் போத்தலை மாமாவின் கையில் கொடுத்தார்.